துப்பாக்கி ஆய்வுகள் ஏன் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன, எதை நம்பலாம்?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை குடும்பம் டெக்சாஸில் வீடு வாங்கிக் குடிபோயிருக்கிறது. தெருவில் பல வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது. மாப்பிள்ளை தானும் ஒன்று வாங்கலாம் என்கிறார், தங்கை கூடவே கூடாது என்கிறார். மக்களிடம் துப்பாக்கி கூடினால் குற்றம் குறையும் என்று அவர் ஓர் ஆய்வைக் காட்டினார். வீட்டில் துப்பாக்கி இருந்தால் கொலையாகும் ஆபத்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று தங்கை இன்னொன்றைக் காட்டினார். இரண்டுமே பேராசிரியர்கள் எழுதியவை. "இவ்வளவு காலம் ஆராய்ந்தும் படித்தவர்களே ஒரு முடிவுக்கு வர முடியவில்லையா? இதில் யார் பொய் சொல்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பதினைந்து வயதில் ஒரு பையனும் ஒன்பது வயதில் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். என் பதிலுக்கு அந்த ஒரு வரிதான் மிக முக்கியம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் வழக்கறிஞரும் இல்லை, குற்றவியல் படித்தவனும் இல்லை. மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன். ஓர் ஆய்வை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்று காட்ட நான் வகுப்பில் அடிக்கடி எடுத்துக்கொண்டது அமெரிக்கத் துப்பாக்கி ஆய்வுகளைத்தான். நல்ல ஆய்வு, தடுமாறிய ஆய்வு, சரியான கணக்கிலிருந்து தப்பான முடிவுக்குப் போன ஆய்வு என எல்லாமே அந்த ஒரு துறையில் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "துப்பாக்கிக் கட்டுப்பாடு பலன் தருமா?" என்பது ஒற்றைக் கேள்வி போலத் தெரிகிறது, உள்ளே குறைந்தது நான்கு கேள்விகள் இருக்கின்றன. வீட்டில் துப்பாக்கி இருப்பது அந்த வீட்டாருக்கு ஆபத்தா? ஊரில் பலர் இடுப்பில் துப்பாக்கியோடு நடமாடினால் குற்றம் ஏறுமா, இறங்குமா? குறிப்பிட்ட ஒரு சட்டம் கொண்டுவந்தால் சாவு குறையுமா? இருக்கும் துப்பாக்கிகளை அரசு திரும்ப வாங்கிக்கொண்டால் என்ன ஆகும்? இவை ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தின் வலு வேறு. உங்கள் மாப்பிள்ளை காட்டியது இரண்டாவது கேள்விக்கான ஆய்வு. தங்கை காட்டியது முதல் கேள்விக்கானது. ஒருவருக்கொருவர் பதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு இருவரும் வேறு வேறு விஷயம் பேசியிருக்கிறார்கள். பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் நடக்கும் பெரிய விவாதங்களிலும் இதே குழப்பம்தான்.

இந்த விவாதத்தில் பலருக்கும் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் கொலையானவர்கள் 20,958 பேர். தற்கொலை செய்துகொண்டவர்கள் 26,328 பேர், அதாவது பாதிக்கு மேல். நம் கண்ணில் படுவது பள்ளிக்கூடத்திலோ கடைத்தெருவிலோ ஒருவன் சரமாரியாகச் சுட்ட செய்திதான். அந்தக் கொடுமைகளில் இறப்பவர்கள் இந்த மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. பெரும்பங்கு வீட்டுக்குள், தனி அறையில், செய்தியே ஆகாமல் போகும் சாவுகள். ஆய்வாளர்களிடையே சண்டை மிகக் குறைவாகவும் ஆதாரம் மிக வலுவாகவும் இருப்பதும் அங்கேதான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

"சாக வேண்டும் என்று முடிவெடுத்தவர் எப்படியும் சாவார், துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழி" என்று பலரும் நம்புகிறோம். நானும் மாணவப் பருவத்தில் அப்படித்தான் நினைத்தேன். அதை மாற்றியது புத்தகம் இல்லை, நம் ஊர் ஆஸ்பத்திரி வார்டு. பூச்சிமருந்து குடித்துப் பிழைத்தவர்களிடம் பேசிப் படிவம் நிரப்பும் வேலை எங்களுக்கு இருந்தது. முடிவு செய்ததற்கும் குடித்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று ஒரு கேள்வி. பலர் சொன்னது நிமிடக் கணக்கு. வீட்டில் சண்டை, கடன்காரன் வாசலில் நின்று பேசிய பேச்சு, பரீட்சை முடிவு, கைக்கெட்டும் தூரத்தில் வயலுக்கு வாங்கி வைத்த டப்பா. மூன்றாம் நாள் அதே ஆள், "என்ன நினைத்துக் குடித்தேன் என்றே தெரியவில்லை சார்" என்பார். பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை என்று தெரிகிறது. அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு வாழ்க்கை திரும்பக் கிடைத்துவிடுகிறது.

இதற்கு உலகத்திலேயே தெளிவான சான்று நமக்குப் பக்கத்தில் இலங்கையில் இருக்கிறது. 1990-களின் நடுவில் அங்கே தற்கொலை விகிதம் லட்சம் பேருக்கு 47. உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. 1995-ல் மிகக் கடுமையான நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளையும், 1998-ல் எண்டோசல்ஃபானையும் அரசு தடைசெய்தது. 2005-ல் விகிதம் 24 ஆகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, மருந்து குடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை. வந்தவர்கள் பிழைத்தார்கள். விளைச்சலும் விழவில்லை. அதே காலத்தில் போர் நடந்துகொண்டிருந்தது, வேலையின்மை ஏறி இறங்கியது, குடிப்பழக்கம் இருந்தது. இவற்றால் அந்தச் சரிவை விளக்க முடியவில்லை. மனிதர்களின் துயரம் அப்படியேதான் இருந்தது, கையில் கிடைத்த பொருளின் கொடுமை மட்டும் குறைந்தது.

துப்பாக்கிக்கும் இதே தர்க்கம்தான், இன்னும் கடுமையாக. துப்பாக்கியால் முயல்பவர்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைப்பதில்லை. மனம் மாற இடமே இல்லை. இஸ்ரேல் ராணுவம் 2006-ல் ஒரு சின்ன மாற்றம் செய்தது, வார இறுதியில் வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று. தற்கொலை 40 சதவீதம் குறைந்தது. வார நாட்களில் பெரிய மாற்றம் இல்லை, குறைந்தது வார இறுதியில்தான். வேறு காரணம் தேடுவது கடினம்.

கலிபோர்னியாவில் செய்த ஆய்வு இந்தத் துறையிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, 2020-ல் வெளியானது. அந்த மாநிலத்தில் கைத்துப்பாக்கி வாங்கினால் பதிவு இருக்கும் என்பதால் 2 கோடியே 63 லட்சம் பேரை 2004 முதல் 2016 வரை பின்தொடர முடிந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் ஆபத்து, வைத்திராத ஆண்களைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. "சாகவென்றே வாங்கியிருப்பார்கள்" என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. வாங்கிய முதல் சில வாரங்களில் ஆபத்து மிக உச்சத்தில் இருந்தது உண்மை, அந்தப் பங்கு அப்படி இருக்கலாம். ஆனால் அந்தச் சாவுகளில் பாதிக்கு மேல் வாங்கி ஓர் ஆண்டுக்குப் பிறகு நடந்தவை. பாதுகாப்புக்கு என்று வாங்கி அலமாரியில் வைத்தது என்றோ ஒரு கெட்ட நாளில் கைக்குக் கிடைத்திருக்கிறது. துப்பாக்கி வாங்குகிறவர்களே இயல்பில் வேறு மாதிரியானவர்களாக இருக்கலாம் என்ற ஐயம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எட்டு மடங்கையும் முப்பத்தைந்து மடங்கையும் அது விழுங்கிவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை. வீட்டுத் துப்பாக்கி தற்கொலைச் சாவைக் கூட்டுகிறது என்பதை நான் உறுதியானவற்றில் வைக்கிறேன்.

சரி, தங்கை காட்டிய ஆய்வு. அது 1993-ல் ஆர்தர் கெல்லர்மனும் கூட்டாளிகளும் வெளியிட்டது என்று நினைக்கிறேன், 2.7 மடங்கு என்ற எண் அங்கிருந்துதான் வருகிறது. மூன்று கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) தம் வீட்டிலேயே கொலையானவர்களையும், அதே பகுதியில் அதே வயது, பால், இனத்தைச் சேர்ந்த வேறு ஆட்களையும் எடுத்து, 388 இணைகளாக ஒப்பிட்டார்கள். இதை வகுப்பில் கொடுத்தால் கெட்டிக்கார மாணவர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் கை தூக்குவார்: "சார், உயிருக்கு ஆபத்து இருப்பவர்தானே துப்பாக்கி வாங்குவார்? வாங்கியதால் கொலையானாரா, கொலை மிரட்டல் இருந்ததால் வாங்கினாரா?" சரியான கேள்வி. போதைப் பழக்கம், வீட்டில் அடிதடி, வீட்டார் யாராவது கைதானது எல்லாவற்றையும் அவர்கள் கணக்கில் கழித்துவிட்டுத்தான் 2.7 என்றார்கள், ஆனாலும் எல்லாவற்றையும் கழித்துவிட்டோம் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கேட்கும்போது "எங்கள் வீட்டில் துப்பாக்கி இல்லை" என்று ஒப்பீட்டுக்கு எடுத்த குடும்பங்கள் மறைத்திருக்கவும் கூடும். ஆகவே கொலை விஷயத்தில் திசை அநேகமாகச் சரி, அளவு சந்தேகம். உங்கள் தங்கை அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம்.

மாப்பிள்ளை தரப்பில் தற்காப்பு வாதம் உண்டு, அதையும் மதிப்போடு பார்க்க வேண்டும். கேரி க்ளெக், மார்க் கெர்ட்ஸ் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் ஆண்டுக்கு 25 லட்சம் முறை மக்கள் துப்பாக்கியால் தற்காத்துக்கொள்கிறார்கள் என்றது. அந்த எண் எப்படி வந்தது என்று பாருங்கள். சுமார் 5,000 பேருக்குப் போன் செய்தார்கள். கடந்த ஓர் ஆண்டில் அப்படிச் செய்தேன் என்றவர்கள் 1.3 சதவீதம், அதாவது அறுபத்துச் சொச்சம் பேர். அதை நாட்டின் வயது வந்தோர் எல்லோருக்கும் பெருக்கினால் 25 லட்சம். டேவிட் ஹெமன்வே 1997-ல் காட்டிய ஓட்டை இங்கேதான். ஒரு விஷயம் மிக அரிதாக நடக்கும்போது, நடக்காதவர்களில் நூற்றில் ஒருவர் தவறாக "ஆமாம்" என்றாலே போதும், கணக்கு தலைகீழாகிவிடும். 5,000 பேரில் நூற்றுக்கு ஒருவர் என்றால் ஐம்பது பேர். அறுபத்துச் சொச்சத்தில் ஐம்பதைக் கழித்தால் என்ன மிஞ்சும்? பொய் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, மூன்று ஆண்டுக்கு முன் நடந்ததைப் போன வருடம் என்று நினைவு வைத்திருந்தாலே போதும். அறுபதாயிரம், எழுபதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை என்றுதான் அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பிலிருந்து பெரும்பாலும் வந்தது. அதிலும் குறை உண்டு, முதலில் குற்றத்துக்கு ஆளானேன் என்று சொன்னவரிடம் மட்டுமே தற்காப்பு பற்றிக் கேட்பார்கள், அதனால் சில விடுபடும். உண்மை எண் 25 லட்சத்துக்கு வெகு கீழே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தற்காப்பே நடப்பதில்லை என்பதும் தவறு. இரண்டுக்கும் நடுவே துல்லியமான எண் யாரிடமும் இல்லை.

மாப்பிள்ளை காட்டிய ஆய்வுக்கு வருவோம். ஜான் லாட், டேவிட் மஸ்டர்ட் என்ற இருவர் 1997-ல் எழுதியது அதன் தொடக்கம். சில மாநிலங்கள், தகுதியுள்ள எவர் கேட்டாலும் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தன. 1977 முதல் 1992 வரை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகளின் குற்றப் புள்ளிவிவரத்தை வைத்து, அந்தச் சட்டத்தால் கொலை 8 சதவீத அளவில் குறைந்தது என்றார்கள். எவனிடம் துப்பாக்கி இருக்கும் என்று தெரியாததால் குற்றவாளி பயப்படுவான் என்பது தர்க்கம். உழைப்பைக் குறை சொல்ல மாட்டேன், அத்தனை பெரிய தரவை அதற்கு முன் அப்படி யாரும் திரட்டவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே டான் பிளாக், டேனியல் நாகின் இருவரும் அதே தரவை எடுத்து, புளோரிடா என்ற ஒரே மாநிலத்தை மட்டும் நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டார்கள். கொலையிலும் பாலியல் வன்முறையிலும் கண்ட பலன் காணாமல் போயிற்று. ஒரு தூணை எடுத்தால் வீடே சாய்கிறது என்றால் அது நல்ல கட்டடம் இல்லை.

இன்னொரு சிக்கல் கிராக் கொக்கைன். 1980-களின் பிற்பாதியில் அந்தப் போதைப்பொருள் நியூயார்க் போன்ற பெருநகரங்களில் கொலைகளை உச்சத்துக்குக் கொண்டுபோனது. அந்த நகரங்கள் இருந்த மாநிலங்கள் பெரும்பாலும் இந்தச் சட்டம் கொண்டுவராதவை. அங்கே குற்றம் ஏறியதால், சட்டம் கொண்டுவந்த மாநிலங்கள் நல்லபடியாக இருப்பதுபோலத் தெரிந்தன. 1992-க்குப் பிறகு போதை அலை அடங்கியதும் படம் திரும்பிவிட்டது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2004-ல் எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்து, இந்தச் சட்டங்கள் குற்றத்தைக் கூட்டின என்றோ குறைத்தன என்றோ சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. ஜேம்ஸ் வில்சன் என்ற ஒரு உறுப்பினர், கொலை விஷயத்தில் மட்டும் லாட் சொல்வதில் உண்மை இருக்கலாம் என்று தனிக் குறிப்பு எழுதினார். அப்புறம் 2019-ல் ஜான் டொனஹ்யூ குழுவினர் வேறு முறையில் பார்த்தார்கள். சட்டம் கொண்டுவந்த ஒவ்வொரு மாநிலத்துக்கும், கொண்டுவராத பல மாநிலங்களை அளவாகக் கலந்து அதன் முந்தைய வரலாறு போலவே இருக்கும் ஒரு சாயல் மாநிலத்தைக் கணக்கில் உருவாக்கி ஒப்பிட்டார்கள். பத்து ஆண்டுக்குப் பின் வன்முறைக் குற்றம் 13 முதல் 15 சதவீதம் அதிகமாக இருந்தது. லாட் தரப்பு இதை ஏற்கவில்லை. குற்றம் குறையும் என்ற கூற்று நிற்கவில்லை என்பது என் முடிவு, அதில் எனக்குத் தயக்கம் இல்லை. கூடும் என்பது நாளாக நாளாக வலுப்பட்டு வருகிறது, ஆனால் எவ்வளவு என்பதில் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பேன்.

இவ்வளவு கணக்குத் தெரிந்தவர்கள் ஒரே தரவிலிருந்து எதிரெதிர் முடிவுக்கு எப்படி வருகிறார்கள் என்பது உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது. அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்கள்தான், சட்டமோ நூற்றுக்கணக்கில். ஒரு சட்டம் தனியாக வருவதில்லை, போலீஸ் சீர்திருத்தம், சிறைத் தண்டனை, பொருளாதாரம் எல்லாம் சேர்ந்து மாறும். நாட்டில் பொதுமக்களிடம் மட்டும் 39 கோடிக்கு மேல் துப்பாக்கிகள் இருப்பதாக 2018-ல் ஒரு மதிப்பீடு வந்தது, மக்கள்தொகையைவிட அதிகம். இன்று புதிதாக வாங்குவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் அந்தக் கையிருப்பைத் தொடுவதே இல்லை, ஆகவே பலன் இருந்தாலும் மெதுவாகவும் சிறிதாகவும்தான் தெரியும். சிறிய பலனை இரைச்சல் மிகுந்த தரவில் தேடும்போது, எந்த ஆண்டில் தொடங்குவது, எந்த மாநிலத்தைச் சேர்ப்பது என்ற தேர்விலேயே விடை மாறிவிடும். இதில் பொய் தேவைப்படுவதில்லை.

தரவே கிடைக்காமல் செய்ததும் ஒரு காரணம், இதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கெல்லர்மன் ஆய்வுக்குப் பிறகு 1996-ல் ஜே டிக்கி என்ற ஆர்கன்சா நாடாளுமன்ற உறுப்பினர் பெயரில் ஒரு திருத்தம் வந்தது, அரசின் நோய்த் தடுப்பு மையத்தின் (CDC) பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று. ஆராய்ச்சி கூடாது என்று அதில் இல்லை. ஆனால் அதே கையோடு, அந்த மையம் துப்பாக்கிக் காய ஆய்வுக்குச் செலவிட்டு வந்த 26 லட்சம் டாலரையும் நாடாளுமன்றம் எடுத்துவிட்டது. அதிகாரிகளுக்குச் செய்தி புரிந்துவிட்டது. இருபது ஆண்டுக்கும் மேல் இந்தத் துறைக்கு இளம் ஆய்வாளர்கள் வரவே பயந்தார்கள். டிக்கியே 2012-ல் மனம் மாறி, ஒரு காலத்தில் தன் எதிரியாக இருந்த ஆய்வுத் தலைவரோடு சேர்ந்து, ஆராய்ச்சி வேண்டும் என்று எழுதினார். 2020 நிதியாண்டில்தான் மறுபடி 2.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். இதற்கிடையே 1986-ன் ஒரு சட்டப்படி மைய அரசு துப்பாக்கிப் பதிவேடு வைக்கக் கூடாது. ஆகவே எந்த மாநிலத்தில் எத்தனை வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பதை, தற்கொலைகளில் எத்தனை பங்கு துப்பாக்கியால் என்பதை வைத்து ஊகிக்கும் நிலை. தற்கொலையையே ஆராயும்போது அந்த அளவுகோல் எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி குறிப்பிட்ட சட்டங்கள். கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்கள் மறைக்கக் கூடாத ஒரு முடிவு உண்டு. கடையில் வாங்குபவரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கும் பிரேடி சட்டம் 1994-ல் அமலுக்கு வந்தது. ஜென்ஸ் லுட்விக், பிலிப் குக் இருவரும் 2000-ல், அதனால் மாறவேண்டியிருந்த 32 மாநிலங்களை ஏற்கனவே அப்படிச் செய்துவந்த 18 மாநிலங்களோடு ஒப்பிட்டார்கள். கொலையில் வேறுபாடு இல்லை. 55 வயதைக் கடந்தவர்களின் துப்பாக்கித் தற்கொலை மட்டும் குறைந்திருந்தது. மனத்தில் இருக்கும் கட்சிக்கு ஒத்துவராத முடிவையும் வெளியிடும் ஆய்வாளர்களை நான் கூடுதலாக நம்புவேன். கலிபோர்னியா தனியார் விற்பனைக்கும் சரிபார்ப்பை நீட்டியபோதும் பத்து ஆண்டில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் வாங்குபவர் நேரில் போய் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் வேறு கதை. கனெக்டிகட் 1995-ல் இதைக் கொண்டுவந்தது, துப்பாக்கிக் கொலை குறைந்தது. மிசூரி 2007-ல் இருந்ததை நீக்கியது, கூடியது. பினாமி பெயரில் வாங்கிக் கைமாற்றுவது கடினமாகிறது என்பது பொருத்தமான விளக்கம். கொண்டுவந்தால் இறங்குகிறது, எடுத்தால் ஏறுகிறது என்ற அந்த இரட்டைச் சான்று என்னைக் கவர்கிறது. ஆனாலும் இரண்டே மாநிலங்கள். கனெக்டிகட் குறைவை முதலில் 40 சதவீதம் என்றவர்கள் ஆண்டுகள் நீண்டதும் 28 என்று இறக்கிக்கொண்டார்கள். அநேகமாகப் பலன் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஆஸ்திரேலியாவை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். 1996 ஏப்ரல் 28-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டே நாளில் அரசுகள் கூடி ஒப்புக்கொண்டு, ஏறத்தாழ 6.5 லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்துத் திரும்ப வாங்கின. அதற்கு முந்தைய பதினெட்டு ஆண்டுகளில் ஐவரோ அதற்கு மேலோ இறந்த சம்பவங்கள் 13. அடுத்து 2016 வரை ஒன்றுகூட இல்லை. பிறகு 2018-ல் ஆஸ்மிங்டனில் ஒரு குடும்பம் அழிந்தது. துப்பாக்கித் தற்கொலை வேகமாகச் சரிந்தது, அதிகத் துப்பாக்கி திரும்ப வந்த மாநிலங்களில் கூடுதலாகச் சரிந்தது. இது எனக்கு வலுவாகப் படுகிறது. கொலையில் அப்படிச் சொல்ல முடியாது. 1996-க்கு முன்பே அது இறங்கிக்கொண்டிருந்தது, துப்பாக்கி இல்லாத கொலைகளும் சேர்ந்து இறங்கின. சட்டத்தை ஆதரித்த சைமன் சாப்மன் குழுவே 2016-ல், இந்தச் சரிவைச் சட்டத்தின் கணக்கில் எழுத முடியாது என்று நேர்மையாக எழுதியது. அமெரிக்காவோடு ஒப்பிடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள், ஆஸ்திரேலியா ஒரு தீவு, துப்பாக்கி அங்கே அரசியலமைப்பு உரிமையும் இல்லை.

அமெரிக்காவில் அது அரசியலமைப்பு உரிமை. அது பற்றி ஒரு வார்த்தை மட்டும், சட்டம் என் துறை இல்லை. 2022-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில், ஒரு துப்பாக்கிச் சட்டம் செல்லுமா என்பதை நாட்டின் பழைய சட்ட மரபோடு பொருந்துகிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. எத்தனை உயிர் காக்கும் என்ற கணக்குக்கு அந்த அளவுகோலில் இடம் குறைவு. இப்போது நீதிமன்றங்களில் புள்ளியியலாளர்களைவிட வரலாற்று ஆசிரியர்களுக்கே அதிக வேலை.

இனி உங்கள் தங்கை வீடு. ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2018 முதல் எல்லா ஆய்வுகளையும் சலித்து வருகிறது. பல சட்டங்களுக்கு ஆதாரம் போதாது என்றே சொல்லும் கறாரான சல்லடை அது. அதிலும் தேறி நிற்பவற்றில் முக்கியமானவை, பிள்ளைகள் கைக்குத் துப்பாக்கி எட்டாமல் வைக்கச் சொல்லும் சட்டங்கள். இளையோர் தற்கொலையும் தற்செயலாகச் சுட்டுக்கொள்வதும் அவற்றால் குறைகின்றன. டெக்சாஸிலும், 17 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சுடத் தயாரான துப்பாக்கி கிடைக்கும்படி அலட்சியமாக வைப்பது குற்றம். 2005-ல் வந்த ஓர் ஆய்வு வீட்டளவில் பார்த்தது. துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, தோட்டாவை எடுத்துவிட்டு வைப்பது, தோட்டாவைத் தனியே வைப்பது, அதையும் பூட்டுவது, இந்த நான்கில் ஒவ்வொன்றும் பிள்ளைகளுக்கான ஆபத்தைக் குறைப்பதோடு சேர்ந்து வந்தது.

என்னைக் கேட்டால், பதினைந்து வயதுப் பையன் இருக்கும் வீட்டில் வாங்க வேண்டாம் என்பேன். திருடன் வருவானா என்பது தெரியாது. பதினைந்துக்கும் இருபதுக்கும் இடையில் ஒரு பையனுக்கு ஒரு கெட்ட இரவாவது வரும் என்பது எனக்குத் தெரியும், வார்டில் பார்த்திருக்கிறேன். அது அந்தப் பையனின் குறை இல்லை, அந்த வயது அப்படி. மாப்பிள்ளை வாங்கியே தீருவேன் என்றால் அந்த நான்கையும் செய்யட்டும், பூட்டின் எண் பிள்ளைகளின் பிறந்தநாளாக இருக்க வேண்டாம். பையன் வாடிப்போய் இருக்கும் நாட்களில் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கக் கூடாது, வெளியே பத்திரமான இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அங்கே தற்கொலைத் தடுப்பு உதவிக்கு 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், அதையும் போனில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். வாங்கவில்லை என்றாலும் ஒரு வேலை இருக்கிறது. பையன் எந்தெந்த நண்பன் வீட்டில் ராத்தங்கப் போகிறானோ, அந்த வீட்டாரிடம் உங்கள் தங்கை கேட்க வேண்டும்: "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" வேர்க்கடலை ஒவ்வாமை பற்றிச் சொல்வது போல இயல்பாகக் கேட்கலாம், அந்த ஊரில் பல தாய்மார்கள் கேட்கிறார்கள்.